வாயால் நேர்ந்த கிடாய்

786
வெள்ளவத்தை,
2.11.1942

அன்புள்ள மாக்ரெட் அக்காவுக்கு,

ஷபீகா எழுதுவது. நானும் இவரும் நல்ல சுகம். துரையும் சுகம், தாடி இன்னும் ஒரு விரல் வளர்ந்திருக்கிறது. உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கொட்டாஞ்சேனையில் முத்திரை விற்பதை நிறுத்திவிட்டார்களா? அல்லது பக்கத்து வீட்டில் ஷபீகா என்று ஒருத்தி இத்தனை வருஷம் இருந்ததே மறந்துவிட்டதா?

நேற்று இங்கே ஒரு கூத்து நடந்தது. பட்டாளத்துக்கு இறைச்சி கொடுக்கும் கொந்தராத்துக்காரரின் ஆள், ஸஹாப்தீன் என்று பெயராம், ஒழுங்கை ஒழுங்கையாக ஆடு வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே ஊர் விதானையும் வந்தார். இவர் கடைக்குப் போயிருந்தார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"உம்மா, உங்கட ஊட்டுல ஒரு கிடாய் ஈக்கிதாமே? வெலயச் சொல்லுங்க" என்றார் ஸஹாப்தீன். பின்பக்கம் போய்ப் பார்த்த விதானை சிரித்துவிட்டார். "என்ன இது, முழங்கால் உசரம்தான் ஈக்கிது? ஆடா, ஆட்டு பொம்மயா?" என்றார். கறுவாத்தோட்டத்துத் துரைசாணி ஆபிரிக்காவிலிருந்து ஆசைக்குக் கப்பலில் கொண்டுவந்த சோடி என்றும், எவ்வளவு தின்றாலும் இதற்கு மேல் வளராது என்றும், நீங்கள் அந்த அம்மா வீட்டில் ஆயாவாக இருந்ததால் போகும்போது உங்களிடம் தந்துவிட்டுப் போனார் என்றும் எல்லாம் சொன்னேன். அவர்கள் கேட்டால்தானே! ஸஹாப்தீன் கயிற்றில் கை வைத்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கைய எடுங்க. அது குர்பானுக்கு உள்ள ஆடு."

"அல்லாஹ் மேல சொல்லுறீங்களா?"

"ஓம், அல்லாஹ் மேல சொல்லுறேன். வார ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிற ஆடு."

மனுசன் கயிற்றை விட்டுவிட்டு, "அப்ப அதுல நாங்க கை வைக்க ஏலா" என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனார். விதானையின் கக்கத்தில் இருந்த பத்திரிகையில் பாதியைத் துரை அதற்குள் தின்று முடித்திருந்தான்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது அக்கா. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உன்னக் காப்பாத்தினது யார்டா?" என்று கேட்டேன். அவன் என் முந்தானையைச் சப்பிக்கொண்டு நின்றான். ஆனால் நாற்றம் தாங்க முடியாது. இவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முன்விறாந்தைக்குப் போய்விடுகிறார்.

அங்கே சோடியில்லாமல் நிற்கும் சீமாட்டிக்கு எப்போது பருவம் வரும் என்று எழுதுங்கள். மாப்பிள்ளையை அனுப்பி வைக்கிறேன்.

என்றும் உங்கள்
ஷபீகா


சர்வேசுரனுக்குத் தோத்திரம்
கொட்டாஞ்சேனை,
6.11.1942

அன்பான தங்கச்சி ஷபீகாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தரம். சீமாட்டி பயந்து எழும்பிவிட்டாள். எழுதவில்லை என்று கோபிக்காதே. பட்டாளத்துக் காற்சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துத் தைத்து விரல் எல்லாம் புண்.

ஒரு கெட்ட செய்தி. போன ஈற்றுக் குட்டிகள் இரண்டையும் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்தோமே, "பிள்ளையப் போல பாப்பம்" என்றார்களே, போன ஞாயிறு பூசை முடிந்து விசாரித்தேன். அந்த மனுசி என் முகத்தைப் பார்க்காமல், "இறைச்சி எங்கயும் இல்ல மாக்ரெட், என்ன செய்யிறது?" என்றாள். நான் திரும்பி நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். ஆக, துரையும் சீமாட்டியும் மட்டும்தான் மிச்சம்.

சீமாட்டிக்கு வயது போகிறது. மூன்று கிழமைக்கு ஒரு தரம் வாலை ஆட்டிக்கொண்டு வேலியைப் பார்த்துக் கத்துகிறாள். வெள்ளவத்தைப் பக்கம் பார்த்துத்தான் கத்துகிறாள் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இந்த மாதக் கடைசியில் மறுபடி வரும். இந்த முறை சினை பிடிக்காவிட்டால் இனிப் பிடிக்காது என்று எனக்குப் படுகிறது.

எனக்கு ஒரு குட்டி வேண்டும் ஷபீகா. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஈஸ்டர் ஞாயிறு குண்டு விழுந்து, அவரைத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து கிடத்திய இரவு, கொட்டாஞ்சேனையே மூட்டை கட்டி ஓடியது. உன் புருசன் ஸாலிஹ் தம்பி வண்டியில் சாமான் ஏற்றிவிட்டு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். நீ அசையவில்லை. "விடியிற மட்டும் ஈப்பேன் எண்டு மாக்ரெட் அக்காக்குச் சென்னேன்" என்றாய். விடிந்தது, நீ போனாய். துரையை நீ கொண்டுபோனாய், சீமாட்டியை நான் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காததால் சோடியைப் பிரித்தோம். அன்று முதல் இரவில் எனக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிற சீவன் சீமாட்டி ஒருத்திதான். அவளும் போனால் நான் யாரோடு கதைப்பேன்?

துரையைக் கவனமாகப் பார்.

உன் அக்கா
மாக்ரெட்


786
வெள்ளவத்தை,
12.11.1942

அன்புள்ள அக்கா,

நான் பெரிய பிழை செய்துவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஸஹாப்தீன் போய்ப் பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறார், இன்ன வீட்டு உம்மா குர்பான் கொடுக்கிறார் என்று. அங்கே தொழுவிக்கும் லெப்பை சந்தோசப்பட்டு வாழ்த்துச் சொல்ல வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று, சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 

"பிள்ள, இது சிரிக்கிற விசயம் இல்ல. 'இது குர்பான்' எண்டு வாயால சென்னா அது நேர்ச்சை. கடமையாகிட்டுது. இனி விக்க ஏலா, மாத்த ஏலா, ஒருத்தருக்குக் குடுக்கவும் ஏலா. பெருநாளைக்கு அறுக்கத்தான் வேணும். அதுட இறைச்சில ஒரு துண்டுகூட நீங்க தின்னவும் ஏலா."

"நான் பொய்தானே சென்னேன் லெப்பை? ஆட்டக் காப்பாத்தத்தானே சென்னேன்?"

"அல்லாஹ் உங்கட பொய்ய உண்மையாக்கிட்டான் பிள்ள" என்றார். கெட்ட மனுசன் இல்லை அக்கா.  தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இவர் வந்ததும் சொன்னேன். முதலில் பகிடி பண்ணினார். "மெதுவாக் கதை. 'துரைய அறுக்கப்போறோம்' எண்டு ரோட்டுல கேட்டா பொலிஸ்காரன் வந்து என்னப் புடிச்சிட்டுப் பெய்த்திருவான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

பெருநாள் மார்கழி பத்தொன்பது, சனிக்கிழமை வரும் என்கிறார்கள். துரை இப்போது வாசலில் நின்று என்னையே பார்க்கிறான். நான் அவனைப் பார்க்காமல் இருந்து இதை எழுதுகிறேன்.

ஷபீகா


கொட்டாஞ்சேனை,
14.11.1942

ஷபீகா,

உன் லெப்பைக்கு என் வந்தனத்தைச் சொல், கூடவே அவருக்குப் பைத்தியமா என்றும் கேள். ஒரு பொய்க்கு ஒரு உயிரா? எங்கள் பக்கம் பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவோம். சாமியார் பத்துத் தரம் அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். அதோடு சரி. ஆட்டை அறு என்று இதுவரை ஒரு சாமியாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் யோசித்து வைத்திருக்கிறேன், கேள். பழுதில்லாத ஆட்டைத்தான் குர்பான் கொடுக்க வேண்டும், காது அறுந்தது, கண் போனது, நொண்டி எல்லாம் ஆகாது என்று நீதானே முன்பு ஒரு பெருநாளில் சொன்னாய்? அப்படியானால் அவனுடைய ஒரு காதை அறுத்துவிடு. உனக்கு மனம் வராவிட்டால் நான் தையல் கத்தரிக்கோலோடு வருகிறேன். கழுத்துக்குப் பதில் காது போகட்டும்.

அது சரிவராவிட்டால் அவனைவிடப் பெரிய கிடாய் ஒன்றை வாங்கி அறுங்கள். இவனில் நாலு பங்கு இறைச்சி வருமே, ஏழைகளுக்கு அது நல்லதுதானே? அதுவும் ஆகாது என்றால் நான் வந்து அவனைக் களவெடுத்துக்கொண்டு போகிறேன். நீ தேடு, அழு, ஆடு தொலைந்துவிட்டது என்று லெப்பையிடம் சொல். களவு என் பாவம். அதை நான் என் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

எதையாவது செய் ஷபீகா. அழுதுகொண்டு இருக்காதே. உன்னை எனக்குத் தெரியும், மூலைக்குள் இருந்து அழுவாய்.

மாக்ரெட்


786
வெள்ளவத்தை,
19.11.1942

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். காதை அறுத்தால் அவனையும் அறுக்க வேண்டும், என் கையால் பழுதாக்கியதற்கு இன்னொரு ஆடும் கொடுக்க வேண்டுமாம். பெரிய ஆட்டுக்கு மாற்ற முடியாது, இந்த ஆடு என்று காட்டிச் சொன்னால் இந்த ஆடுதான். உருவம் சிறிதென்று சொல்லிப் பார்த்தேன். வயதுதான் கணக்கு, உருவம் இல்லையாம். களவைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. நீங்கள் எழுதி நானும் வாசித்த பிறகு அது என்ன களவு?

இவர் பாவம், கடையைப் பூட்டிவிட்டு மருதானையில் மார்க்கம் படித்த ஒரு பெரிய ஆலிமிடம் போனார். சட்டம் தெரியாத பெண் ஒருத்தி, கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னது நேர்ச்சை ஆகாது என்றும் ஒரு சொல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாராம். இவர் மாம்பழம் வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். "முடிஞ்சிது ஷபீகா, ஒன்ட துரை தப்பிட்டான்" என்றார்.

நான் சந்தோசப்படவில்லை அக்கா. "நான் அல்லாஹ் மேல சென்னதயும் அவர்ட்ட சென்னீங்களா?" என்று கேட்டேன். இவர் ஒரு மாம்பழத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். சொல்லவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

சும்மா ஒரு சொல் என்றால் விடலாம். நான் அல்லாஹ்வின் பெயரை இழுத்தேன். அந்த மனுசனும் அந்தப் பெயரை நம்பித்தான் கயிற்றை விட்டார். துரை இத்தனை நாள் உயிரோடு இருப்பதே அந்தச் சொல்லால்தான். இப்போது சும்மா சொன்னேன் என்று எப்படிச் சொல்வேன்? தொழுகையில் நின்றால் எனக்கு வேறு ஒன்றும் நினைவில் வருவதில்லை.

ஒன்று மட்டும் செய்யலாம். சீமாட்டிக்குப் பருவம் வந்ததும் ஒரு தபால் அட்டை போடுங்கள். எங்கள் சந்தியில் ரிக்‌ஷா இழுக்கும் இருளப்பன் துரையைக் கொண்டுவந்து தருவார். அவருடைய பெண்சாதி ஆறாயி வாய்க்கால் கரையில் ஒரு பெரிய வெள்ளாடு வளர்க்கிறாள், அதனால் ஆட்டின் குணம் அவருக்குத் தெரியும். நானே வர ஆசைதான். ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு எனக்கு வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் கொழும்புப் பக்கம் போகக் கால் வருவதில்லை. ரயில் சத்தத்துக்கே கட்டிலுக்குக் கீழே போகிறேன்.

பெருநாளுக்கு ஒரு கிழமை முந்தி அவனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் அக்கா. சரி என்று ஒரு சொல் எழுதினால் போதும், நீங்கள் சொன்னால் செய்வீர்கள்.

ஷபீகா


சர்வேசுரனுக்குத் தோத்திரம்
கொட்டாஞ்சேனை,
29.11.1942

அன்பான தங்கச்சி,

மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். தெருவே கூடிவிட்டது. ரிக்‌ஷாவின் சீற்றில் நேராக இருந்து, தாடியைக் காற்றில் விட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தான். இருளப்பன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நானும் எத்தினியோ தொரைமார இழுத்திருக்கேன். இப்பிடி ஏசாம வந்த தொரை இவரு ஒருத்தருதான்" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

சீமாட்டி அவன் மணம் வந்ததுமே கதவை முட்டத் தொடங்கிவிட்டாள். எட்டு மாதப் பிரிவு அல்லவா? அவன் மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு அவளை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். மற்றதை நான் எழுதமாட்டேன். அடுத்த நாளும் விட்டுப் பார்த்தேன். பிடித்திருக்கும் என்று மனம் சொல்கிறது. பிடித்திருந்தால் மூன்று கிழமையில் பருவம் திரும்பி வராது. வந்தால் நான் செத்தேன்.

இப்போது இரண்டு பேரும் ஒரே சாக்கில் முதுகோடு முதுகு சாய்த்துப் படுத்து அசை போடுகிறார்கள். அவர் இருந்த கதிரைக்குக் கீழே. நான் பொத்தானை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் லெப்பை இதைப் பார்த்தால் அவரும் அழுவார்.

திருப்பி அனுப்புவது பற்றி இப்போது கேட்காதே.

மாக்ரெட்


786
வெள்ளவத்தை,
13.12.1942

அன்புள்ள அக்கா,

இருளப்பன் நேற்று வெறும் ரிக்‌ஷாவோடு வந்தார். நீங்கள் வீட்டில் இல்லையாம், கதவு பூட்டியிருந்ததாம். ஆனால் உள்ளே ஆடு கத்தியது கேட்டது என்றார். "ரெண்டு ஆடும்மா" என்றார்.

கோபமில்லை எனக்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் பூட்டியிருப்பேன். ஆனால் என் இடத்தையும் யோசியுங்கள் அக்கா. இவர் சொல்கிறார், "மாக்ரெட் அக்கா தராட்டி ஒனக்கென்ன குத்தம்? நீ குடுக்க மாட்டேன் எண்டு சொல்லலயே" என்று. அப்படித்தான் நானும் ஒரு பகல் முழுக்க நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. உங்களிடம் அனுப்பியபோதே இதற்காகத்தான் அனுப்பினேனோ என்று பயமாகிவிட்டது. அக்கா பூட்டி வைப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? அப்படியென்றால் இது என் இரண்டாவது பொய்.

புதன்கிழமை இருளப்பன் மறுபடி வருவார். கதவைத் திறங்கள்.

ஷபீகா


786
வெள்ளவத்தை,
16.12.1942

அக்கா,

இன்றும் பூட்டியிருந்ததாம்.

நான் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. இவர் சந்தையில் ஒரு கிடாய் பேசிவிட்டு வந்து, இதை அறுத்துவிட்டு மறந்துவிடு என்கிறார். மறக்க ஏலாது. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவன்மேல் எனக்கு ஆசை இல்லாமலா கேட்கிறேன்? அவனைத் தாருங்கள் என்று எழுதும்போதே, தராதீர்கள் என்று என் மனம் கத்துகிறது. அதைக் கேட்காதீர்கள். நான் எழுதியிருப்பதைக் கேளுங்கள்.

ஷபீகா


கொட்டாஞ்சேனை,
18.12.1942

ஷபீகா,

துரையை அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் இன்று மறுபடி வந்த இருளப்பனின் மடியில் இருக்கிறது.

நேற்று அவனைக் கூட்டிக்கொண்டு கோட்டை ஸ்டேசனுக்குப் போனேன், நீர்கொழும்புக்கு. அங்கே என் பெரியம்மா மகள் இருக்கிறாள். கேட்டுக் கேள்வி இல்லாமல் கடற்கரையில் விட்டு வளர்த்திருக்கலாம். டிக்கட் வரிசையில் என் முறையும் வந்துவிட்டது. சிப்பாய்கள் எல்லாம் குனிந்து அவன் தாடியைத் தடவினார்கள். அப்போது எனக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது. உன் புருசன் கூப்பிட்டும், மேலே விமானம் வரும் என்று எல்லாரும் கத்தியும், நீ என்னவருடைய தலைமாட்டில் இருந்தாய். நீ சொன்ன சொல்லை அன்றைக்கு நீ விட்டிருந்தால் நான் கிணற்றில் விழுந்திருப்பேன். இதை நான் உனக்குச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளைச் சொல் தவறினவளாக்க என் கை வரவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

தாடியைச் சீவிவிட்டிருக்கிறேன். வழிக்குப் பலா இலை கட்டியிருக்கிறேன். கத்தியை அவன் காண விடாதே.

உன் சொல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. உன்னை மன்னிக்க என்னால் முடியாது. இனி எனக்கு எழுதாதே.

மாக்ரெட்


786
வெள்ளவத்தை,
23.12.1942

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதுகிறேன், உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

தொழுகை முடிந்து அறுக்க ஆள் வந்தார். துரை கயிற்றை உருவிக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினான். மூன்று ஆம்பிளைகளால் பிடிக்க முடியவில்லை. அந்தக் கால்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கட்டைக் கால் என்றாலும் என்ன ஓட்டம்! லெப்பை குசினிக் கதவடிக்கு வந்து, "பிள்ள, நீங்கதான் கூப்பிடணும் போல ஈக்கிது" என்றார். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பிறகு, "துரை, வாடா" என்றேன். ஓடி வந்தான் அக்கா. நேரே வந்து என் முந்தானையைப் பிடித்துச் சப்பினான். என் குரலுக்குத்தான் வந்தான்.

கத்தியை அவன் காணவில்லை. எங்கள் மார்க்கத்திலும் காட்டக்கூடாது. நான் அவன் கண்ணை என் கையால் மூடினேன். அவ்வளவுதான் எழுத முடியும்.

இறைச்சி முழுவதும் வாய்க்கால் கரைக் குடிசைகளுக்குப் போனது. நாங்கள் பருப்புக் கறிதான் சாப்பிட்டோம். இவர் தட்டை எடுத்துக்கொண்டு முன்விறாந்தைக்குப் போகவில்லை. பின்பக்கம் போய், அவனைக் கட்டியிருந்த மரத்தடியில் இருந்து சாப்பிட்டார். அந்த நாற்றம் இன்னும் அங்கே இருக்கிறது.

இந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டில் யாரோடும் கதைக்கப் பயமாக இருக்கிறது.

ஷபீகா


786
வெள்ளவத்தை,
20.1.1943

அன்புள்ள அக்கா,

சீமாட்டிக்குப் பருவம் திரும்பி வந்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். என்னோடு கதைக்க வேண்டாம். ஒரு தபால் அட்டையில் 'வந்தது' அல்லது 'வரவில்லை', ஒரு சொல். கையெழுத்தும் வேண்டாம்.

ஷபீகா


786
வெள்ளவத்தை,
9.3.1943

அன்புள்ள அக்கா,

தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது இப்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவ்வளவு தூரம் கேட்டுவிட்டேன்.

போன வெள்ளி உங்களிடம் வருவதற்காகப் பாலம் வரைக்கும் நடந்தேன். நடுப்பாலத்தில் நின்றேன். மேலே ஒரு விமானம் போனது, நம்முடையதுதான். நான் ஓடி வந்துவிட்டேன். இவர் திட்டவில்லை, தண்ணீர் தந்தார்.

ஆறாயியின் ஆடு சினையாக இருக்கிறது, சித்திரையில் ஈனும் என்கிறாள். நான் தினமும் போய் அதற்குப் பலா இலை கொடுக்கிறேன். அதனிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்றாவது எழுதக் கூடாதா?

ஷபீகா


கொட்டாஞ்சேனை,
28.4.1943, விடியற்காலை

ஷபீகா,

தோத்திரம் எழுதவும் நேரமில்லை. அடுத்த வீட்டு அழகரிடம் இதைக் கொடுத்து முதல் ரயிலில் அனுப்புகிறேன்.

சீமாட்டி செத்துவிட்டாள். நேற்று மத்தியானம் வலி கண்டது. குட்டி குறுக்கே கிடந்தது, ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே வந்தது. உதவிக்கு ஒருவருமில்லை. கையில் தேங்காயெண்ணெயைப் பூசிக்கொண்டு நானே உள்ளே விட்டுத் திருப்பினேன். அவள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு முனகினாள். விளக்கு வைக்கிற நேரம் குட்டி வந்தது. இரண்டு தரம் நக்கினாள், அவ்வளவுதான், தலையைச் சாய்த்துவிட்டாள். உடம்புச் சூடு ஆறுவதற்குள் அவளிடமிருந்து சீம்பாலைக் கறந்தேன் ஷபீகா. அழுதுகொண்டே கறந்தேன். அதைத் துணியில் நனைத்து இரவு முழுக்கச் சப்பக் கொடுத்தேன். அது முடிந்துவிட்டது.

கிடாய்க் குட்டி. உள்ளங்கைக்குள் அடங்குகிறான். துரையின் முகம்தான், அதே மேல் உதடு. இவனுக்கு இனி ஒரு சோடி எங்கேயும் கிடையாது, இந்த இனம் இவனோடு முடிகிறது. அது எனக்கு விளங்காமலில்லை. எனக்கு இனம் வேண்டாம். இவன் ஒருவன் பிழைத்தால் போதும்.

கொட்டாஞ்சேனை முழுக்கத் தேடியும் ஒரு டின் பால் இல்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், கழிகிறது. இப்போது கத்துவதையும் நிறுத்திவிட்டான். என் மார்புச் சூட்டில் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மூச்சு இருக்கிறது.

உன் கடிதங்கள் எல்லாம் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. பருவம் திரும்பி வரவில்லை என்று மார்கழி முடியுமுன்னே எனக்குத் தெரியும். வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. நீ தவித்துக் கிட என்று விட்டேன். அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் ஏசு, நேரில் வந்து ஏசு.

ஆறாயியின் ஆடு ஈன்றுவிட்டதா? பாலைக் கறந்து அனுப்பாதே, இந்த வெயிலில் கெட்டுப்போகும். ஆட்டையே ரிக்‌ஷாவில் ஏற்று. நீயும் பக்கத்தில் இருந்து வா. வேறு ஆளை அனுப்பாதே, நீ இலை கொடுத்துப் பழக்கிய ஆடு, உன் பக்கத்தில் இருந்தால்தான் அடங்கி நிற்கும். பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள், இருளப்பன் இழுப்பார். விமானம் வந்தால் வரட்டும். விடியும் வரை இருப்பேன் என்று ஒரு தரம் சொன்னாயே, இன்னொரு தரம் சொல்லாமலே வந்துவிடு.

வழியில் யாராவது மறித்து இது என்ன ஆடு, எதற்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டால், உன்னைக் கும்பிட்டேன், வாயைத் திறக்காதே. எல்லாவற்றையும் இங்கே வந்து என்னோடு கதை.

உன் அக்கா
மாக்ரெட்